கொண்டைக்காரனை எதில் வைத்து அடிப்பது?

தைப்பொங்கலுக்கு அண்ணன் தோஹாவிலிருந்து வருகிறான். 21 நாள் லீவு. இரண்டு மாதத்துக்கு முன் போனில் அம்மாவின் பிரஷர், கூரைத் தகரம், பெரியப்பா மகளின் கல்யாணம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப் போகும்போது கேட்டான்: "பாப்பா, அந்த டெக்கன் கேம் இன்னும் இருக்கா? இந்த வாட்டி உன்ன அடிக்காம பிளேன் ஏற மாட்டேன்."

அவனுக்கு 38 வயது, எனக்கு 35. நாங்கள் கடைசியாக அதை விளையாடியது அவன் ஓ.எல். பரீட்சை எழுதிய வருடம். அன்றைக்கு நான் ஜெயித்தேன். அவன் ஜொய்ஸ்டிக்கைச் சுவரில் அடித்தான். அம்மா வந்து மெஷினைப் பிடுங்கி அலுமாரிக்கு மேலே போட்டார். அத்தோடு சரி.

"இருக்கு, வா" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசனை வந்தது. எது இருக்கிறது? அந்த மெஷின் ஓடுமா? ஓடாவிட்டால் எதில் விளையாடுவது? இரண்டு மாதமாக ஒவ்வொன்றாகப் பார்த்து, சிலதில் காசும் விட்டு, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். என்னைப் போலப் பழைய கேமைத் தேடிப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். டெக்கன் 3 ஜப்பானின் நாம்கோ நிறுவனம் செய்த சண்டை கேம். 1997இல் காசு போட்டு ஆடும் பெரிய பெட்டியாக வந்தது, 1998இல் டிவியில் மாட்டி ஆடும் சோனியின் ப்ளேஸ்டேஷன் மெஷினுக்கு வந்தது. பெட்டிக்குள் இருந்த போர்டே ப்ளேஸ்டேஷனின் உறுப்புகளை வைத்துக் கட்டியதுதான். அதனால் வீட்டுக்கு வந்தபோதும் கேம் அவ்வளவாகக் கெடவில்லை. நான்கு பட்டன், நான்கு கைகால். சதுரம் இடது கை, முக்கோணம் வலது கை, எக்ஸ் இடது கால், வட்டம் வலது கால். ஒரு சண்டையைப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமாகச் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஆட்களின் பெயர்களை வாசிக்க எங்களுக்குப் பொறுமை இருந்ததில்லை. தூண் மாதிரி முடியை நிமிர்த்தியிருக்கும் பால் பீனிக்ஸ் எங்கள் வீட்டில் கொண்டைக்காரன். சிறுத்தை முகமூடி போட்ட கிங், புலித்தலை. பிரேசில் நாட்டுக் கப்போயேரா ஆடும் எடி கோர்டோ, டான்ஸ்காரன். அண்ணன் எப்போதும் கொண்டைக்காரன்தான். கீழே, சரிவு, முன்னே என்று விரலை உருட்டி முக்கோணத்தை அமுக்கினால் ஒரே குத்தில் எதிராளியின் பாதி உயிர் போகும். நான் டான்ஸ்காரன். எக்ஸ், வட்டம், எக்ஸ், வட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு அமுக்குவேன். "இது விளையாட்டே இல்ல" என்பான் அண்ணன். இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறேன், அவன் சொன்னது சரிதான்.

முதலில் பழைய மெஷின். இலங்கை மலையகத்தில் டிக்கோயா பக்கம், தேயிலைத் தோட்டத்து எங்கள் லயத்து வீட்டுக்கு அது 2002இல் வந்தது. கொழும்பில் வேலை செய்த மாமா யாரோ பாவித்ததை வாங்கி, இரண்டு ஜொய்ஸ்டிக்கோடும் ஆறு டிஸ்க்கோடும் ஒரு சீனிப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். ஹட்டன் டவுனில் மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் கேம் கடை அப்போது இருந்தது. ஆனால் அங்கே பொம்பளைப் பிள்ளை போய் நிற்க முடியாது. ஆகவே எனக்கு டெக்கன் என்றால் எங்கள் வீட்டு முன்னறை, மண்ணெண்ணெய் வாசம், ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்க்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், அவ்வளவுதான்.

அந்த மெஷினை நாங்கள் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துத்தான் விளையாடினோம். நேராக வைத்தால் படம் திக்கும். அப்போது அது மாமா கண்டுபிடித்த மந்திரம் என்று நினைத்தேன். காரணம் இப்போதுதான் தெரிந்தது. முதல் காலத்து ப்ளேஸ்டேஷன்களில் லேசர் கண் ஓடும் தண்டவாளம் பிளாஸ்டிக். ஓடி ஓடித் தேய்ந்து, கண் சாய்ந்துவிடும். கவிழ்த்தால் அந்தச் சாய்வு கொஞ்சம் நேராகும். உலகம் முழுக்க ஆட்கள் அப்படித்தான் கவிழ்த்திருக்கிறார்கள்.

அலுமாரி மேலிருந்து இறக்கிப் பழைய சேலையைப் பிரித்தேன். எங்கள் பக்கத்து மழையும் மூடுபனியும் 20 வருடத்தில் ஒரு பொருளை என்ன செய்யும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டிஸ்க்கில் வெள்ளைத் திட்டாகப் பூஞ்சணம். வயரில் பிசுபிசுப்பு. பச்சை லைட் மட்டும் எரிந்தது, டிஸ்க் சுற்றிச் சுற்றி நின்றது. டவுனில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். மூன்று வாரம் "நாளைக்கு வாங்க மிஸ்" என்று சொல்லி, கடைசியில் லேசர் கிடைக்கவில்லை என்று திருப்பித் தந்தார்கள். பார்த்த கூலி 1500 ரூபாய். வீட்டுக்கு வந்து பார்த்தால் மெமரி கார்ட் இல்லை. போய்க் கேட்டால், "அப்படி ஒண்ணும் வரலியே."

மெஷினைவிட அந்தக் கார்டுக்குத்தான் மனசு கஷ்டப்பட்டது. டெக்கன் 3இல் முதலில் பத்துப் பேர்தான் இருப்பார்கள். ஒருவரை வைத்துக் கடைசி வரை அடித்து முடிக்க முடிக்க மற்றவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். முதல் வருடம் எங்களிடம் கார்ட் இல்லை. இடி இடித்து கரண்ட் போனால் திரும்பவும் பத்துப் பேர். பிறகு அண்ணன் ஸ்கூல் விட்டு மரக்கறி மூட்டை ஏற்றப் போன காசில் கார்ட் வாங்கினான். அதில் இருந்தது 128 கிலோபைட். இன்றைக்கு வட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கம் படம்கூட அதைவிடப் பெரிது.

உங்கள் மெஷின் ஓடுகிறதென்றால், பழைய குழாய் டிவியும் இருக்கிறதென்றால், மீதியைப் படிக்க வேண்டாம், அதிலேயே விளையாடுங்கள். ஒரு விஷயம் மட்டும்: புதிதாகப் பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் அடியில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். ஜப்பானில் விற்றது 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230இல் நேராகக் குத்தினால் புகைதான் வரும்.

இரண்டாவது, போன். எமுலேட்டர் என்று ஒரு செயலி. பழைய மெஷினைப் போல நடிக்கும். காசு செலவில்லை. சும்மா ஒரு மாலை பார்த்து, "அட, இந்தப் பாட்டு!" என்று சொல்லிவிட்டு மூடப் போகிறீர்கள் என்றால் இது போதும். சண்டை போடப் போதாது. கண்ணாடியில் விரல் எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரிவதில்லை. நான் பஸ்ஸில் நோர்வூட் போய்ச் சேரும் வரை முயன்று பார்த்தேன், கொண்டைக்காரனின் அந்தக் குத்து ஒரு தடவைகூட வரவில்லை, குனிந்து குனிந்து எழும்பினான். அதோடு ஒரு போனில் இரண்டு பேர் எப்படி?

மூன்றாவது, சோனியே 2018 டிசம்பரில் விட்ட குட்டி ப்ளேஸ்டேஷன் கிளாசிக். உள்ளங்கை அளவு பெட்டி, 20 கேம் உள்ளேயே, டெக்கன் 3உம் உண்டு, இரண்டு ஜொய்ஸ்டிக், எச்டிஎம்ஐ வயர். கேட்க நமக்காகவே செய்தது மாதிரி இருக்கும். என்னுடன் படிப்பிக்கும் ஒரு மிஸ்ஸின் வீட்டில் இருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் விளையாடிப் பார்த்தேன். எல்லாம் அழகாக இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று சரியில்லை. டான்ஸ்காரன் தண்ணீருக்குள் ஆடுகிற மாதிரி இருந்தது.

வயசாகிவிட்டது, அதுதான் என்று முதலில் நினைத்தேன். பிறகு தேடிப் பார்த்ததில் விஷயம் வேறு. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் ஏமாந்துவிடுவீர்கள்.

அந்தக் காலத்து டிவிகளில் இரண்டு முறை இருந்தன. ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் இருந்த முறையில் படம் நொடிக்கு 50 தடவை மாறும். அமெரிக்க, ஜப்பானிய முறையில் 60 தடவை. டெக்கன் 3 அந்த 60க்குச் செய்த கேம். ஐரோப்பாவுக்குக் கொடுத்த பிரதி 50இல் ஓடும், அதாவது ஆறில் ஒரு பங்கு மெதுவாக. குட்டிப் பெட்டிக்குள் சோனி வைத்தது ஐரோப்பியப் பிரதி.

சரி, நம் நாடும் 50தானே, அப்படியானால் என் கைக்கு 50தானே பழகியிருக்க வேண்டும்? இல்லை. மாமா கொண்டுவந்தது அமெரிக்க டிஸ்க்கின் திருட்டுப் பிரதி. அதற்குச் சாட்சி என் ஞாபகத்திலேயே இருக்கிறது: எங்கள் வீட்டு டெக்கன் கறுப்பு வெள்ளை. டிவி கலர் டிவிதான். செய்தி கலரில் வரும், டெக்கன் மட்டும் கறுப்பு வெள்ளை. 60இல் வருகிற படத்தை டிவி எப்படியோ பிடித்துக்கொண்டது, அந்த முறையின் நிறத்தைப் பிரிக்கத்தான் அதற்குத் தெரியவில்லை. பக்கத்து லயத்தில் இரண்டு முறையும் தெரிந்த டிவி வந்து, மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டிய அன்றைக்குத்தான் டான்ஸ்காரனின் உடுப்பு என்ன நிறம் என்று பார்த்தேன். ஆக என் சின்ன வயசுக்கு நிறம் இல்லை, ஆனால் வேகம் சரியாக இருந்தது. குட்டிப் பெட்டியில் நிறம் இருக்கிறது, வேகம் இல்லை. அண்ணன் இரண்டு குத்திலேயே கண்டுபிடித்துவிடுவான். வேண்டாம்.

நான்காவது, புதிய டெக்கன். கண்டியில் சித்தி மகனிடம் ப்ளேஸ்டேஷன் 5 இருக்கிறது, 2024 ஜனவரியில் வந்த டெக்கன் 8 போட்டுக் காட்டினான். வியர்வை தெரிகிறது, துணி மடிப்புத் தெரிகிறது, அடிபட்டால் திரை முழுக்கத் தீபாவளி. ஆரம்பத்திலேயே 32 பேர். நான் ஆவலாகத் தேடினேன், டான்ஸ்காரன் இல்லை. "எடி வேணும்னா தனியா காசு கட்டணும் அக்கா" என்றான். உண்மைதான், அவரைச் சில மாதம் கழித்து மேலதிகமாக விற்றிருக்கிறார்கள். கொண்டைக்காரன் இருக்கிறார், ஆனால் கொண்டை இல்லை! முடியை அவிழ்த்துத் தொங்க விட்டிருக்கிறார். போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். "யார் இவன்?" என்று பதில் வந்தது.

இதை நான் குறைத்துப் பேசவில்லை. இதற்கு ஒரு பெரிய பலம் உண்டு: அண்ணன் தோஹாவிலும் நான் இங்கேயும் இருந்தே விளையாடலாம். அவன் திரும்பிப் போன பிறகு, இரண்டு பக்கமும் நல்ல இணைய வேகம் இருந்தால், மற்ற எதுவும் இதற்கு ஈடில்லை. எங்கள் வீட்டில் சிக்னல் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் மட்டும்தான் வரும். மெஷின் விலையைச் சொன்னால் அம்மாவுக்குப் பிரஷர் ஏறும்.

டெக்கன் 8 காலத்துப் பிள்ளைகளோடு போட்டியிட வேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை. பாகிஸ்தானின் அர்சலான் ஆஷ் 2019இல் ஒரே வருடத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஈவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டிகளை வென்றபோது, லாகூரின் கேம் கடைகளைப் பற்றி உலகமே பேசியது. இங்கேயும் அப்படிப்பட்ட கடைகளில் நின்றவர்களைத்தான் "உருப்படாதவன்" என்றார்கள். அண்ணனையும் சேர்த்துத்தான்.

மிச்சம் இரண்டு. லெப்டொப்பில் எமுலேட்டர், அல்லது பாவித்த ப்ளேஸ்டேஷன் 2. உண்மையான போட்டி இவை இரண்டுக்கும்தான்.

ப்ளேஸ்டேஷன் 2 பற்றிப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது முதல் ப்ளேஸ்டேஷனின் டிஸ்க்கையும் வாசிக்கும். பழைய ஜொய்ஸ்டிக்கும் பழைய மெமரி கார்டும் அதில் அப்படியே பொருந்தும். அது போக, டெக்கன் 5 டிஸ்க் கிடைத்தால் அதற்குள் முதல் மூன்று டெக்கன்களும், காசு போட்டு ஆடும் பெரிய பெட்டியில் வந்த வடிவத்தில், இருக்கின்றன. பெட்டி வடிவத்தில் சில விஷயங்கள் வராது. வீட்டு டிஸ்க்கில் மட்டும் இருந்த பந்து விளையாட்டு, தெருவில் ஆட்களை அடித்துக்கொண்டே போகும் விளையாட்டு, குட்டி டைனோசர் கொன் எல்லாம் அதில் இல்லை. இரண்டு பேர் நேருக்கு நேர் அடித்துக்கொள்ள அது தடையில்லை.

என்னைத் தடுத்தது டிவி. குழாய் டிவியில் பட்டனை அமுக்கியதும் படம் அசையும். இப்போதைய தட்டை டிவி, வந்த படத்தை அழகுபடுத்திக் கொஞ்சம் தாமதமாகத்தான் காட்டும். ஒரு படம் என்பது நொடியில் 60இல் ஒரு பங்கு. நாலைந்து படம் பிந்தினாலே கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். பழைய மெஷினின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைக் குத்தப் பல புது டிவிகளில் ஓட்டையே இல்லை. நடுவில் ஒரு மாற்றுப் பெட்டி வாங்கினால் அதுவும் தன் பங்குக்குப் பிந்தும். எங்கள் குழாய் டிவியை அம்மா எப்போதோ பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டார். குழாய் டிவி இருந்திருந்தால் என் முடிவு ப்ளேஸ்டேஷன் 2 என்றுதான் இருந்திருக்கும். தயங்கியே இருக்க மாட்டேன். என்ன, அதுவும் லேசர் கண்ணை நம்பும் மெஷின்தான். அந்தக் கடைக்கு இன்னொரு தடவை போக என்னால் ஆகாது.

ஆக லெப்டொப். ஸ்கூல் வேலைக்கு வாங்கியது, ஐந்து வருடப் பழசு. டக்ஸ்டேஷன் என்ற எமுலேட்டர் அதில் தாராளமாக ஓடுகிறது. அமெரிக்கப் பிரதியில், 60இல். படத்தை எவ்வளவோ கூர்மையாக்கலாம், நான் ஆக்கவில்லை. கூர்மையாக்கினால் புலித்தலையின் முகம் மடித்த காகிதம் மாதிரித் தெரிகிறது. எந்த இடத்திலும் நிறுத்திச் சேமிக்கலாம், ஆகவே இனி யாராலும் என் மெமரி கார்டைத் தொலைக்க முடியாது. கரண்ட் போனாலும் பேட்டரி இருக்கிறது. 2022இல் ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் இருட்டில் இருந்தவர்களுக்கு அந்தக் கணக்கு தானாகவே மனசில் ஓடும். எச்டிஎம்ஐ வயரால் டிவியில் மாட்டி, டிவி செட்டிங்கில் கேம் மோட் போட்டால் தாமதம் தெரியாத அளவுக்குக் குறைகிறது.

டிஸ்க் விஷயத்தில் நியாயம் பேச எனக்கு வாய் இல்லை. எங்களுடையது அடிப்பக்கம் வெள்ளியாக மின்னும் பிரதி, அசலின் அடிப்பக்கம் கறுப்பு. இந்தத் தடவை கறுப்பு டிஸ்க் ஒன்றைக் கொழும்பிலிருந்து தபாலில் எடுத்தேன். அட்டையில் அமெரிக்கப் பிரதிதானா என்று இரண்டு தடவை போட்டோ கேட்டுத்தான் காசு போட்டேன்.

சிக்கல் வந்தது ஜொய்ஸ்டிக்கில். முதலில் மலிவான யூஎஸ்பி ஜொய்ஸ்டிக் இரண்டு வாங்கினேன், காசு வீண். கீழேயிருந்து முன்னுக்கு உருட்டும்போது நடுவில் ஒரு சரிவு வர வேண்டும், அதுதான் கொண்டைக்காரனின் குத்துக்கு உயிர். இந்த ஜொய்ஸ்டிக் அந்தச் சரிவை விழுங்கிவிடுகிறது, கீழே, முன்னே என்று இரண்டை மட்டும் சொல்கிறது. அண்ணன் கையில் கொடுத்தால் மறுபடியும் சுவர்தான். ப்ளூடூத் வகையும் பார்த்தேன், சரிவு வந்தது, ஆனால் சில நேரம் அரை மூச்சு பிந்துகிறது.

கடைசியில் விடை அந்தச் சீனிப் பையிலேயே இருந்தது. பழைய ப்ளேஸ்டேஷன் ஜொய்ஸ்டிக்கை யூஎஸ்பியில் குத்துவதற்கு ஒரு சின்ன கன்வர்ட்டர் விற்கிறார்கள், ஒன்றில் இரண்டைக் குத்தலாம். எங்கள் இரண்டு ஜொய்ஸ்டிக்கையும் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்தேன். ஒன்றில் முக்கோணம் மழுங்கி அடையாளமே தெரியவில்லை, மற்ற மூன்றும் புதுசு மாதிரி. இன்னொன்றில் எக்ஸும் வட்டமும் வழுவழு. எது யாருடையது என்று பெயர் எழுதத் தேவையில்லை. அண்ணனுடையதில் சுவரில் அடித்த கீறலும் அப்படியே இருக்கிறது. குத்தினேன், விரலை உருட்டினேன், முக்கோணம். கொண்டைக்காரன் பாய்ந்தான்.

ஆகவே லெப்டொப், கறுப்பு டிஸ்க், கன்வர்ட்டர், பழைய ஜொய்ஸ்டிக். இனி பயிற்சி. இந்த வயசில் பார்க்கும்போதுதான் கேமில் ஒழுங்கு இருப்பது தெரிகிறது. அந்தப் பெரிய குத்தைத் தடுத்துவிட்டால் கொண்டைக்காரன் ஒரு கணம் கையை நீட்டியபடி நிற்கிறான், அப்போது அடிக்கலாம். பக்கவாட்டில் ஒரு அடி நகர்ந்தால் குத்து காற்றில் போகிறது. முந்தைய டெக்கன்களில் எல்லோருக்கும் இல்லாத இந்த நகர்வு மூன்றாவதில்தான் எல்லோருக்கும் வந்தது. ஆனால் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை, நாங்கள் இருவரும் நேர்கோட்டில் நின்று அடித்துக்கொண்டோம்.

மகளுக்கு ஏழு வயது. அவளிடம் அண்ணனின் ஜொய்ஸ்டிக்கைக் கொடுத்து, முக்கோணத்தை எப்படி அமுக்குவது என்று காட்டி, ஒரு வாரமாக அந்தக் குத்தைத் தடுக்கப் பழகுகிறேன். பத்தில் ஏழு தடுத்துவிடுகிறேன். அண்ணனுக்கு இது தெரியாது.

நேற்று ராத்திரி அவளுக்குச் சலித்துவிட்டது. "அம்மா, இந்த டான்ஸ் ஆடுற மாமாவ நான் எடுக்கவா?" என்றாள். சரி என்று நான் கொண்டைக்காரனை எடுத்தேன். எக்ஸ், வட்டம், எக்ஸ், வட்டம். திரையைக்கூட அவள் ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஐந்து ரவுண்டில் நான்கில் நான் தோற்றேன்.

ஜொய்ஸ்டிக்கை மெதுவாகத்தான் கீழே வைத்தேன்.